பார்வையைப் பறிக்கும் லேசர் ஆயுதங்களுக்குப் போரில் ஏன் தடை?

ஆளைக் கொல்லும் குண்டுக்கே அனுமதி இருக்கும்போது, பார்வையை மட்டும் பறிக்கும் லேசருக்கு ஏன் தடை என்ற கேள்வி நியாயமானதே. தொழில்நுட்பம் இங்கே பெரிய தடையல்ல: 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஒளியைக் கண்ணே விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாகக் குவித்து, அதன் செறிவைச் சுமார் 1 லட்சம் மடங்கு உயர்த்திவிடுவதால், உடலின் தோலைக்கூடச் சுடாத கதிர் கண் இமைப்பதற்குள் விழித்திரையை எரித்துவிடக்கூடும்.

எரிந்த விழித்திரை மீளாது. வீரனைக் களத்திலிருந்து அகற்றும் தேவையைத் தாண்டி, போர் முடிந்த பின்னும் அவன் வாழ்நாள் முழுதும் அந்தத் துன்பம் தொடரும். ஆகவேதான், 1995இல் வியன்னாவில் ஏற்கப்பட்டு 1998இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. நெறிமுறை, நிரந்தரமாகக் குருடாக்கவென்றே வடிவமைக்கப்பட்ட லேசர்களைத் தடை செய்தது. தூரமளக்கும் லேசர் போன்றவற்றின் முறையான பயன்பாட்டில் தற்செயலாக நேரும் பாதிப்பை அது தடைக்குள் கொண்டுவரவில்லை. வடிவமைத்தவரின் நோக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதால், இப்படி நோக்கத்தைச் சார்ந்திருப்பதே என் பார்வையில் அந்த நெறிமுறையின் பலவீனம்.