அறிவுசார் குறைபாடுள்ள உடன்பிறப்போடு வளர்ந்தவர்களின் வாழ்க்கையை உண்மையாகக் காட்டிய தொலைக்காட்சித் தொடர் எது?

நான் பார்த்தவற்றுள் தென் கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் 2022ஆம் ஆண்டு ஒளிபரப்பான ‘அவர் ப்ளூஸ்’ தொடரையே சொல்வேன். இருபது பகுதிகள் கொண்ட அந்தத் தொடர் ஜேஜு தீவில் வாழும் பலருடைய கதைகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று யோங்-ஓக், யோங்-ஹீ என்னும் இரட்டைச் சகோதரிகளின் கதை. மூத்தவளான யோங்-ஹீக்கு, அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவி மரபணு நிலையான டவுன் சின்ட்ரோம் உண்டு. என் தம்பிக்கும் அதே நிலைதான். அவனுக்கு இப்போது 36 வயது, எனக்கு 41. ஆகையால் இந்தப் பதிலை விமர்சகராக அல்லாமல் ஓர் அக்காவாகவே எழுதுகிறேன்.

யோங்-ஓக் ஒரு ஹேனியோ. மூச்சை அடக்கிக்கொண்டு, பிராணவாயுக் கருவி எதுவும் இல்லாமல், கடலடியில் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுத்து வரும் ஜேஜுப் பெண்களை அப்படி அழைக்கிறார்கள். ஒருவர் உயிருக்கு மற்றவர் துணை என்னும் அந்தத் தொழிலில் நம்பிக்கையே முதல். அப்படியிருக்க, புதிதாக வந்த யோங்-ஓக்கின் கைப்பேசி ஓயாமல் ஒலிப்பதும், அழைப்பது யார் என்பதை அவள் மறைப்பதும் மற்றவர்களுக்குப் பெரும் சந்தேகமாகின்றன. எங்கோ ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றுகூடப் பேசிக்கொள்கிறார்கள். அழைப்பது அக்கா என்பது பிறகுதான் நமக்குத் தெரிகிறது. இதை எழுதியவர் இப்படிப்பட்ட வீடுகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தோன்றியது. என் தம்பி தினமும் மாலை ஆறு மணிக்கு அழைப்பான். “சாப்பிட்டியா, எப்ப வருவே” என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, பதில் சொன்னதும் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அதையே கேட்க மீண்டும் அழைப்பான். அலுவலகக் கூட்டத்தின் நடுவே அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, எதிரில் இருப்பவர்களிடம் “ஒன்றுமில்லை” என்று நான் சொன்ன நாட்கள் பல.

அந்த “ஒன்றுமில்லை”யை இந்தத் தொடர் மன்னித்துவிடுவதுமில்லை, அதற்காக யோங்-ஓக்கைத் தண்டிப்பதுமில்லை. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த யோங்-ஓக், ஒருமுறை அக்காவைச் சுரங்க ரயிலில் விட்டுவிட்டுப் போய்விடப் பார்த்து, மனம் கேட்காமல் திரும்பி வந்தவள். பிறகு, எளிதில் போய்ப் பார்க்க முடியாத தொலைவில் இருக்க வேண்டும் என்றே தீவுக்கு வந்தவள். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் வெடித்து அழும் காட்சியில் யோங்-ஓக்காக நடித்த ஹான் ஜி-மின் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளச் சிறிதும் முயலவில்லை. உடன்பிறப்புகளைத் தியாகத்தின் உருவமாகவே காட்டும் கதைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எனக்கு, அந்தக் கோபத்தைத் திரையில் கண்டது பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்கே ஒரு மருத்துவக் காரணம் உண்டு. டவுன் சின்ட்ரோமோடு பிறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும். அதற்கான அறுவை சிகிச்சை பரவலாவதற்கு முன், 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவிலேயே அவர்களுடைய சராசரி ஆயுள் சுமார் 25 ஆண்டுகள்தான். இன்று அது சுமார் 60. அதாவது, பெற்றோருக்கு முன்பே போய்விடுவார்கள் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டவர்கள் இன்று பெற்றோருக்குப் பின்னும் வாழ்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கு மற்றவர்களைவிட மிக அதிகம். அந்தக் காலத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அம்மாவோ அப்பாவோ அல்ல, அக்காவோ தம்பியோதான். ஆனால் கதைகளில் பெரும்பாலானவை இன்னும் தாயையும் சிறு குழந்தையையும் சுற்றியே வருகின்றன.

யோங்-ஹீயாக நடித்த ஜங் உன்-ஹே டவுன் சின்ட்ரோம் உள்ளவர். ஆயிரக்கணக்கானோரின் முகங்களை வரைந்த ஓவியர். எழுத்தாளர் நோ ஹீ-கியோங் அவரையே நடிக்க வைத்ததால் நடந்த நன்மை சாதாரணமானதல்ல. பாவனை செய்யும் நடிகரைப் பார்க்கும்போது அவருடைய திறமையையே கவனிக்கிறோம். ஜங் உன்-ஹே திரையில் இருக்கும்போது யோங்-ஹீயை மட்டுமே பார்க்கிறோம். அவள் குடிக்கிறாள், சினக்கிறாள், தங்கையின் காதலனான ஜோங்-ஜுனை நேருக்கு நேர் எடைபோடுகிறாள். முதன்முறை அவளைப் பார்த்துத் தயங்கி நின்ற ஜோங்-ஜுன், பிறகு அதைப் பற்றி யோங்-ஓக்கிடம் மறைக்காமல் பேசுகிறான். இப்படிப்பட்ட ஒருவரை இதற்குமுன் பார்த்ததில்லை, எப்படிப் பழக வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் திகைத்துவிட்டேன் என்கிறான். என் வாழ்க்கையில் நான் கேட்க விரும்பிய நேர்மையான வாக்கியம் அதுதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் “தெய்வக் குழந்தை” என்று சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பாமலே தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

யோங்-ஹீ ஊர் திரும்பிய பிறகு, அவள் விட்டுச்சென்ற ஓவியங்களைத் தங்கை பார்க்கிறாள். ஒன்றிரண்டல்ல, அத்தனையும் யோங்-ஓக்கின் முகமும் மற்றவர்களின் முகங்களும். தனிமையாக இருக்கும்போது வரைவேன் என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால், அந்தத் தாள்களின் எண்ணிக்கையே காத்திருந்த நாட்களின் கணக்காகிவிடுகிறது. அவளுக்கு ஒன்றும் புரியாது என்று நம்பித்தான் யோங்-ஓக் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கிறாள். அந்த நம்பிக்கை அங்கே நொறுங்குகிறது. அவை ஜங் உன்-ஹே தாமே வரைந்த படங்கள் என்பதால், அந்தக் காட்சியில் கோடுகளும் பொய் சொல்வதில்லை.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அது நொறுங்கியது. அப்பா இறந்த மூன்றாம் மாதம், தம்பி இனி யாரிடம் இருப்பது என்று நானும் அண்ணனும் கூடத்தில் அமர்ந்து பேசினோம். அவன் பக்கத்திலேயே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை வாசற்படியில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே இரண்டு சட்டைகள், பல்துலக்கி, அப்பாவின் மூக்குக்கண்ணாடி. சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் போட்டு, ஓரம் பிசகாமல் மடித்திருந்தான்.

தொடரில் எனக்குக் குறையும் உண்டு. யோங்-ஹீ தங்கியிருக்கும் காப்பகத்துக்கே திரும்பிப் போகிறாள். எங்கே வாழ வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்பதாகக் கதை அமையவில்லை. அதே கொரியாவில் ஜாங் ஹே-யங் என்பவர், 18 ஆண்டுகள் காப்பகத்தில் வாழ்ந்த தம் தங்கையை வெளியே அழைத்து வந்து தம்முடன் வைத்துக்கொண்டார்; அந்த வாழ்க்கையை 2018இல் ஆவணப்படமாக எடுத்தார்; 2020இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். இந்தத் தொடரைப் பார்ப்பவர்கள் அந்த ஆவணப்படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அப்படி அழைத்துவர எல்லோராலும் முடியாது என்பதை அறிவேன், என்னால் முடிவதற்கே நான்கு ஆண்டுகள் ஆயின.

இப்போது தம்பி என்னுடன் இருக்கிறான். யோங்-ஹீ விடைபெறும் காட்சியை மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தான். “அவ ஏன் போறா?” என்றான். அவள் வீடு அங்கேதான் இருக்கிறது என்றேன். “தங்கச்சி இங்கதானே இருக்கா” என்றான்.