மரை

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 36. போன மாதம் ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினேன். இதுவரை மூன்று மெக்கானிக்குகளிடம் ஏமாந்துவிட்டேன். இனி யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் நானே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள ஆசை. என்னென்ன டூல்ஸ் வாங்க வேண்டும்? வீடியோ பார்த்துக் கற்றால் போதுமா? இந்த வயதில் கைவருமா?

ச., மாரத்தஹள்ளி

அன்புள்ள ச.,

36 எல்லாம் ஒரு வயதா? விடுங்கள். டூல்ஸுக்கு ஜே.சி. ரோடு போங்கள். ரிங் ஸ்பேனர் செட், ஸ்பார்க் பிளக் கழற்றும் பிளக் ஸ்பேனர், சின்ன இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், நல்ல திருப்புளி, இப்போதைக்கு இவை போதும். திருப்புளியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜப்பானிய வண்டிகளின் கார்புரேட்டர் ஸ்க்ரூ பெரும்பாலும் ‘ஜிஸ்’ என்ற அவர்கள் ஊர் அளவில் இருக்கும். சாதாரண பிலிப்ஸ் (பிளஸ் வடிவ) திருப்புளி அதில் சரியாக உட்காராது, வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி வேறு. மூன்று பேர் ஏமாற்றினார்கள் என்கிறீர்கள். ஒருமுறையாவது வேலை நடக்கும்போது கூட நின்றீர்களா? காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு மாலையில் பில்லை மட்டும் பார்த்தால் எல்லாமே ஏமாற்றாகத்தான் தெரியும். இந்தக் கோபத்தோடு தயவுசெய்து ஸ்பேனரைத் தொடாதீர்கள். கோபத்தில் இருக்கும் கைக்கு இறுக்க மட்டும்தான் தெரியும்.

போன வாரம் மேசை டிராயரை ஒழித்தபோது ஒரு பழைய போல்ட் கிடைத்தது. இரண்டு நாளாக அதே நினைப்பு, அதற்குள் உங்கள் கடிதம்.

1997இல் என்னிடமும் ஓர் ஆர்எக்ஸ் 100 இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலை நானே மாற்றினேன். ஒழுகக் கூடாதே என்று, ஆயிலை வடிக்கும் துளையை அடைக்கிற டிரெயின் போல்ட்டை மூச்சைப் பிடித்து இறுக்கினேன். இறுகிக்கொண்டே வந்தது சட்டென்று லேசாகிவிட்டது. மரை, அதாவது போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் திருகு வரி, போயிருந்தது. போல்ட் இரும்பு, கேஸ் அலுமினியம்.

அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கடை வைத்திருந்த அண்ணன் ஆம்பூர்க்காரர். போல்ட்டை வாங்கி, அதில் சுற்றியிருந்த வெள்ளைச் சுருளை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இது போல்ட்டோடது இல்ல தம்பி, வண்டியோடது” என்றார். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்புறம் லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, கம்பிச்சுருள் இறக்கிச் சரிசெய்தார்கள்.

அடுத்த ஆறு ஞாயிறும் அவர் கடையில்தான் இருந்தேன். இன்ஜினைத் திறந்து காட்டுவார் என்று நினைத்தேன். கிடைத்த வேலை, பிளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான்.

சூடாக இருக்கும்போது பிளக்கைத் தொடக் கூடாது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அந்த நேரத்தில் திருகினால் மரை பிய்ந்து வரலாம். மாட்டும்போது ஸ்பேனர் கூடாது, விரல்தான். முதலில் பிளக்கை இடப்பக்கமாகப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். மரையின் வாயும் வாயும் சேரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்துதான் வலப்பக்கம். விரல் போகிற வரைக்கும் விரல். வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் புது பிளக்குக்கு அரைச் சுற்று. பழையதென்றால் அதில் கால்வாசி. ஸ்பேனரின் வாலைப் பிடித்தால் அண்ணன் என் கையைத் தட்டிவிடுவார். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால்தான் கையின் பலம் குறைந்து, போல்ட் சொல்வது விரலுக்குக் கேட்கும்.

எவ்வளவு இறுக்கம் என்று அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் இருக்கிறதே என்பீர்கள். வாங்குங்கள், சிலிண்டர் ஹெட் நட்டுக்கு அது வேண்டும். ஆனால் மரை கோணலாக ஏறியிருந்தால் அது சொல்லாது, விரல்தான் சொல்லும். வீடியோவில் போல்ட் சுற்றுவது தெரியும், இறுகுவது தெரியாது.

வரும் ஞாயிறு அந்த மூன்று கடைகளில் ஒன்றுக்கே போங்கள். பழைய பில்லைப் பற்றிப் பேச வேண்டாம். டீ சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். வீட்டுக்கு வந்து வண்டி நன்றாக ஆறியபின் பிளக்கைக் கழற்றி, நுனி என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள். பிஸ்கட் நிறமென்றால் நல்லது. கறுப்பாக, ஈரமாக இருந்தால் கார்புரேட்டரைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசலாம்.