‘இங்கே எனக்கு என்ன வேலை?’

வணக்கம் ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் பிறந்தது மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அம்மாவுக்கு 72 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை கொழுந்து எடுத்தவர். அப்பா இறந்துவிட்டார். தம்பி அதே எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் அவனுக்குக் கொடுத்த வீட்டில் அம்மாவும் இருக்கிறார். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. கோயில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறார்.

எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாகிவிட்டது. லிஃப்ட் உள்ள வீடு, தனி அறை, நடக்கிற தூரத்தில் மாதா கோயில். போன கோடையில் வந்தார். ஒரு மாதம் முடிவதற்குள் ‘இங்கே எனக்கு என்ன வேலை?’ என்று பையைக் கட்டிவிட்டார்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. மழையிலும் அட்டைக்கடியிலும் ஆயுள் முழுக்க வேலை செய்தவருக்கு ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை. கேட்டால் ‘ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார்’ என்கிறார். இது ஆறுதலா, ஏமாற்றா? வயதான காலத்தில் மதம் செய்வது வலி தெரியாமல் வைத்திருப்பது மட்டும்தானா? நீங்களும் வயதானவர், கோயிலுக்குப் போகிறவர் என்பதால் கேட்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள தம்பி,

தப்பாக ஒன்றும் எழுதவில்லை. வயதானவர் என்றதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அம்மா கேட்ட அந்த ஒரு வரியைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவர் பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறார் என்று படுகிறது. லிஃப்ட், அறை, கோயில் என்று நீங்கள் சொன்னதெல்லாம் அவருக்குக் கிடைக்கப்போகிறவை. அந்த வீட்டில் அவரிடமிருந்து யாருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாததால் பையைக் கட்டிவிட்டார்.

எஸ்டேட்டில் அவருக்கு என்ன வேலை? நான் கேரளாவில் வண்டிப்பெரியாறுக்காரன், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மலை வேறு, எங்கள் மலை வேறு. ஆனால் லயத்துக் கோயில்கள் எல்லா மலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மூணாறு டவுனில் கார்மேல் மாதா கோயில் 1898இலேயே வந்துவிட்டது. ஆனால் டவுன் கோயிலுக்கும் எஸ்டேட்டின் உட்பிரிவான டிவிஷன் கோயிலுக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாததா? டிவிஷனில் ஒரு தகரக் கூரை, ஒரு மணி, ஒரு சொரூபம். சாமியார், அதாவது பாதிரியார், எப்போதாவது ஜீப்பில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் செபம் நடத்தும் உபதேசியாரும் நாலு பாட்டிகளும்தான் திருச்சபை.

அக்டோபரில் செபமாலை வீடு வீடாகப் போகும். இன்று யார் வீடு, நாளை யார் வீடு, எந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அவர்களை எப்படி ஒரே திண்ணையில் உட்கார வைப்பது என்பதெல்லாம் எந்த நோட்டிலும் எழுதியிருக்காது, பாட்டிகளின் தலையில்தான் இருக்கும். சாமியார் வந்தால் படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை, அதாவது பூசையில் மந்திரித்த அப்பம், கொண்டுபோக வேண்டும். யாருக்கு முழுசாக விழுங்க முடியும், யாருக்குத் துணுக்கு மட்டும் தண்ணீரோடு கொடுக்க வேண்டும் என்று முன்னால் நடந்து காட்டுகிறவரும் அவர்களில் ஒருவர்தான். ஒரு சாவு விழுந்தால் விடியும்வரை கூட இருப்பார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் புல் செதுக்குவார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் எழுபது பேர் போனார்களே, அவர்களில் தமக்குத் தெரிந்தவர்களைப் பேர் பேராகச் சொல்லி உங்கள் பக்கத்துப் பாட்டி ஒருத்தி செபித்ததைக் கேட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் ஆயிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

உங்கள் அம்மா இதில் எதையெல்லாம் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றிரண்டாவது செய்வார். முட்டி தேய்ந்த பிறகும் படியேறுகிறார் என்றால் மேலே அவருக்காக எதுவோ காத்திருக்கிறது.

கிறிஸ்தவத்தில் முதியவர்களின் இடம் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் இப்படித்தான். பைபிளில் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கைம்பெண்கள் பட்டியல் ஒன்று வரும். அதில் பெயர் சேர்க்க வயது அறுபதுக்குக் குறையக்கூடாது. நம் அரசாங்கம் மூத்த குடிமக்கள் என்று சொல்கிற அதே வயது! ஆனால் வயது மட்டும் போதாது. பிள்ளைகளை வளர்த்திருக்க வேண்டும், விருந்தோம்பியிருக்க வேண்டும், வந்தவர்களின் கால் கழுவியிருக்க வேண்டும், துன்பப்பட்டவர்களுக்கு உதவியிருக்க வேண்டும். ஓய்வூதியப் பட்டியல் என்று நினைத்துப் படித்தால் ஊழியப் பட்டியல் மாதிரி இருக்கும். லூக்கா சொல்லும் அன்னா எண்பத்துநாலு வயதுக் கைம்பெண். அவரும் கோயிலை விட்டு நீங்கவே இல்லை. குழந்தை இயேசுவைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை, அங்கிருந்த எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதோடு சேர்த்து அப்போஸ்தலர் பணிகள் ஆறாம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். எருசலேம் சபையில் வந்த முதல் சண்டைகளில் ஒன்று எதற்கு? கிரேக்கம் பேசும் கைம்பெண்களுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வைக்கிறார்கள் என்று எபிரேயம் பேசுகிறவர்கள் மேல் முறுமுறுப்பு. எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. மலையாளத்தில் அறிவிப்பு வாசித்துவிட்டுத் தமிழில் வாசிக்க மறந்துபோன ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கே தெரியும். ஆக, ஊழியமும் இருந்தது, புறக்கணிப்பும் கூடவே இருந்தது. சபையைப் பற்றி உங்களுக்குக் கோபம் இருந்தால் பைபிள் உங்களுக்கு முன்னாலேயே அந்தக் கோபத்தை எழுதி வைத்திருக்கிறது.

போப் பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என்று ஒரு நாள் ஏற்படுத்தினார், ஜூலை மாதம் நான்காம் ஞாயிறு. நல்ல காரியம். எங்கள் பங்குக் கோயிலில் அன்றைக்கு எங்களை முன்வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தி கேக் வெட்டினார்கள். எனக்குச் சர்க்கரை, பக்கத்தில் இருந்தவருக்கும் சர்க்கரை. மறு ஞாயிறு வாசகம் வாசிக்கப் பெயர் கொடுத்தேன், இளைஞர்களுக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்றார்கள். பொன்னாடை இன்னும் பெட்டியில் இருக்கிறது.

இப்போது நீங்கள் கூப்பிட்டதையும் அவர் மறுத்ததையும் பார்ப்போம். சாமுவேல் இரண்டாம் புத்தகம் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பர்சில்லாய் என்று ஒருவர் வருகிறார். பிரசங்கங்களில் அதிகம் அடிபடாத பெயர். தாவீது ராஜா தன் மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடியபோது சோறு போட்டுக் காப்பாற்றியவர். ராஜா ஜெயித்துத் திரும்பும்போது, என்னோடு எருசலேமுக்கு வாருங்கள், கடைசிவரை உங்களை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்கிறான். பர்சில்லாய்க்கு அப்போது எண்பது வயது. சாப்பாட்டில் ருசி தெரியுமா எனக்கு, பாடுகிறவர்கள் குரல் காதில் விழுமா, உமக்கு நான் எதற்குப் பாரமாக இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, என் ஊரில், அப்பா அம்மா கல்லறைப் பக்கத்தில் சாகிறேன், என்னை விடும் என்கிறார். தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். தாவீது வற்புறுத்தவில்லை. முத்தமிட்டு அனுப்பிவிடுகிறான்.

அந்தக் கல்லறை விஷயம் உங்கள் அம்மாவுக்கு இன்னும் கனமானது. பர்சில்லாய் பெரிய பணக்காரர், சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு நிலம் இருந்தது. எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரைதான் வீடு. கொழுந்து எடுத்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் நம் ஜனத்துக்கு அங்கே நிலையாகக் கிடைத்தது கல்லறைத் தோட்டத்தில் ஆறடிதான். உங்கள் அப்பா அங்கே இருக்கிறார்.

உங்கள் கோபம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அது நியாயமான கோபம். பீர்மேடு பக்கம் 2000ஐ ஒட்டி எஸ்டேட்டுகள் பல மூடியபோது பணிக்கொடை வராமலேயே செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்ப் பொறுமையாக இருங்கள், பரலோகத்தில் பலன் உண்டு என்று பிரசங்கம் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஏமாற்றுத்தான். டிவியில் எண்ணெய்ப் புட்டி காட்டி முட்டிவலி போய்விடும் என்கிறார்களே, அது அதைவிட மோசம். வலி போகாவிட்டால் உன் விசுவாசம் போதவில்லை என்று பழியை அந்தக் கிழவி தலையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் ‘ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார்’ என்பதைக் கொஞ்சம் பாருங்கள். அது பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபு, தன் பெயரில் உள்ள புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் சொன்னது. புத்தகம் நாற்பத்திரண்டு அதிகாரம். மூன்றாம் அதிகாரத்திலேயே பிறந்த நாளைச் சபித்து வழக்காட ஆரம்பித்துவிடுகிறார். கடைசியில் கடவுள் கோபிப்பது பொறுமை போதித்த நண்பர்களைத்தான். யோபு பேசியதே சரி என்கிறார். அம்மா உங்களிடம் முதல் அதிகாரத்தை மட்டும் சொல்கிறார். மிச்சத்தை ராத்திரி யாரிடம் பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் தெரிந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 2015இல் மூணாறில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து தொழிற்சங்கத் தலைவர்களையே விலக்கிவைத்துவிட்டு போனஸ் வாங்கினார்களே, அவர்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள். வலி தெரியாமல் வைத்திருக்கும் மருந்தாக மட்டும் மதம் இருந்திருந்தால் அவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேலை செய்வதால்தான் அம்மாவுக்குத் தெம்பு என்றேன். வேலை செய்ய முடியாமல் போகும் நாள் வரும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம், வயதாகும்போது நீ கையை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவான் என்கிறார். அவர் சொன்னது பேதுருவின் சாவைப் பற்றி என்று யோவானே விளக்கம் எழுதிவிட்டார். இருந்தாலும் என் அக்காவுக்குப் புடவை கட்டிவிடும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு மறதி நோய். கடைசியில் என் பெயர் போய்விட்டது, அவள் பிள்ளைகள் பெயரும் போய்விட்டது. சாயங்காலம் யாராவது ஆரம்பித்துக் கொடுத்தால் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று பழைய செபத்தைப் பிடித்துக்கொண்டு முடிவுவரை தப்பில்லாமல் சொல்வாள். அதில் அவளுக்கு ஆறுதல் இருந்ததா என்று நான் எப்படிச் சொல்வேன்? கூடச் சொன்ன எங்களுக்கு இருந்தது. அந்தப் பத்து நிமிஷம் அவள் எங்களை நடத்திக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசச் சாமியார் சிமிழோடு வந்தால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். சாகும்போது மட்டும் பூசுவது என்று வைத்திருந்தார்கள். ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் முறையைத் திருத்தினார்கள். இப்போது கடும் நோயிலும் முதுமைத் தளர்ச்சியிலும் கேட்டு வாங்கலாம், ஒருமுறைக்கு மேலும் வாங்கலாம். எங்கள் பக்கத்தில் இன்னும் பலருக்கு இது தெரியாது, பயந்துகொண்டு கூப்பிடாமல் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரைக் கீழே இறக்கும் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முட்டிக்கு நல்ல எலும்பு டாக்டரைப் பாருங்கள், ஆண்டவர் அதைத் தடுக்கமாட்டார். கோயில் படிக்கு ஒரு கைப்பிடி போட எஸ்டேட் ஆபீசிலும் சாமியாரிடமும் பேசுங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கேரளாவில் 2008இல் பாலியேட்டிவ் கொள்கை, அதாவது தீராத நோயாளிகளின் வலி தணித்துப் பராமரிக்கும் கொள்கை, வந்த பிறகு பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ்கள் வீட்டுக்கே வருகிறார்கள். படுத்த பிறகு ஓடாமல் இப்போதே விசாரித்து வையுங்கள். தம்பி ரிட்டயர் ஆனால் வீடு போய்விடும், அதற்கு என்ன ஏற்பாடு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில் அம்மாவையும் உட்கார வையுங்கள்.

அவர் திருப்பூருக்கு வரும்போது டிவி முன்னால் உட்கார வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால், உங்களுக்கு ஆபீசில் தொல்லை என்றால், இதற்காகச் செபியுங்கள் அம்மா என்று கேளுங்கள். நம்பிக்கை இல்லாதவன் எப்படிக் கேட்பது என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது அவருக்கு எப்போதோ தெரியும், அதற்காகவும் செபித்துக்கொண்டுதான் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஜீப் பேசிவிடுங்கள். வாடகையை ஜீப்காரரிடம் நேராகக் கொடுங்கள். அம்மா கையில் கொடுத்தால் அது படுக்கையில் கிடக்கும் யாருக்காவது போய்விடும், அவர் பழையபடி படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார்.