மே மாதத்தில் ஓர் 'அதிசயம்'

கேள்வி: "2026 மே மாதத்தில் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வருகின்றன. இது 823 வருடங்களுக்கு ஒருமுறைதான் நடக்குமாம். பதினோரு பேருக்கு அனுப்பினால் பணம் கொட்டும் என்றும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. கணிதத்தில் எப்பேர்ப்பட்ட ஆச்சரியம்! விளக்குவீர்களா?"
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பதினோரு பேருக்கு அனுப்பிவிட்டீர்களா? அதற்கு முன் பழைய காலண்டரைப் புரட்டியிருக்கலாம். 2025 ஆகஸ்டிலும் இதே கதைதான். 2024 மார்ச், 2023 டிசம்பர், 2022 ஜூலை, எல்லாம் அப்படித்தான். 2027-ல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு தடவை வரப்போகிறது. 31 நாள் மாதம் ஒன்று வெள்ளிக்கிழமை பிறந்தால் போதும். நாலு வாரத்துக்கு 28 நாள் போக, மிச்சம் மூன்று நாள் வெள்ளி, சனி, ஞாயிறாகத்தானே இருக்கும்? வருடத்தில் 31 நாள் மாதங்கள் ஏழு. 2018 போல எப்போதாவதுதான் அவற்றில் ஒன்றுகூட வெள்ளியில் பிறக்காமல் போகும். அபூர்வம் என்றால் அதுதான் அபூர்வம்.

அப்புறம் அந்த 823. நாம் புழங்கும் ஆங்கிலக் காலண்டரை போப் 13-ஆம் கிரிகோரி கொண்டுவந்ததே 1582-ல்தான். அதற்கு 823 வயது ஆக 2405 வரை காத்திருக்க வேண்டும்!

ஆச்சரியப்பட விஷயம் வேண்டுமென்றால் அதே காலண்டரில் வேறொன்று இருக்கிறது. நான்கால் வகுபடும் வருடம் லீப் வருடம். ஆனால் 1900, 2000 போன்ற நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப். ஆகவே 400 வருடங்களில் 97 லீப் வருடங்கள், மொத்தம் 1,46,097 நாட்கள். இதை ஏழால் வகுத்துப் பாருங்கள். 20,871 வாரங்கள், மீதியே கிடையாது! ஈஸ்டர் பண்டிகை பருவம் தப்பிப் போகாமலிருக்கச் செய்த திருத்தம் இது. கிழமைக் கணக்கு தானாக வந்து பொருந்திக்கொண்டது.

மீதி இல்லாததால் 400 வருடங்களுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சுப் பிசகாமல் திரும்பி வருகின்றன. அந்தக் காலத்துக்குள் வராத சேர்க்கை எந்தக் காலத்திலும் வராது. 823-க்கு இடமே இல்லை.

இன்னொன்றும் நடக்கிறது. 400 வருடங்களில் 4,800 மாதங்கள். அத்தனை 13-ஆம் தேதிகளையும் கிழமைவாரியாகப் பிரித்தால் சமமாக வராது. வியாழன், சனி தலா 684. திங்கள், செவ்வாய் தலா 685. ஞாயிறு, புதன் தலா 687. முதலிடம் மேலைநாட்டார் நடுங்கும் வெள்ளிக்கு, 688! ஒரே ஒரு தடவை அதிகம், அவ்வளவுதான். ஆனால் சுற்று திரும்பத் திரும்ப வருவதால் இந்த முந்துதல் ஒருநாளும் சரியாகாது.

நூற்றாண்டு வருடங்களின் புத்தாண்டும் அப்படியே. 2000 சனியில் பிறந்தது. 2100 வெள்ளி, 2200 புதன், 2300 திங்கள், 2400 மறுபடி சனி. லீப் விதியை யாரும் மாற்றாதவரை ஞாயிறு, செவ்வாய், வியாழனுக்கு அந்த வாய்ப்பு கிடையவே கிடையாது.