ரூட் அதிகாரத்தை வெப் சர்வருக்குக் கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் நம் ஆட்கள் காபிக்குக் கூடியபோது கேட்டவையும், நான் சொன்னவையும்.

மாரத்தஹள்ளி நண்பர்: அண்ணா, பிஎச்பி பக்கத்தில் பட்டனை அழுத்தினால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் ரீலோடு ஆக வேண்டும். அதைச் செய்யும் ஷெல் ஸ்கிரிப்டுக்கு (கட்டளைகள் எழுதிய கோப்பு) செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடச் செய்யும் குறி) போட்டும் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, ஓடவில்லை.

ஓடாது. ஸ்கிரிப்டில் அந்த பிட்டை லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை. லினக்ஸின் மையமான கர்னல் கோப்பைப் பார்ப்பதற்கும் ஷெல் அதைத் திறப்பதற்கும் நடுவே யாராவது கோப்பை மாற்றிவிடலாம், அதனால்தான். சூடோ வழியாகப் போங்கள்; குறிப்பிட்ட கட்டளையை ரூட்டாக ஓட்ட அனுமதிக்கும் கருவி அது. அதன் விதிகளைத் திருத்தும் விசூடோவில் ஒரே ஒரு வரி: வெப் சர்வர் ஓடும் பயனர் (உபுண்டு என்றால் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா), பாஸ்வேர்டு கேட்காமல், அந்த ஒரு ஸ்கிரிப்ட் மட்டும், முழுப் பாதையோடு. பாதைக்குப் பின்னால் வெறும் இரட்டை மேற்கோள் குறி ஜோடி ஒன்று போடுங்கள். போட்டால் எந்த ஆர்கியுமென்ட்டையும் (கட்டளைக்குப் பின்னால் தரும் கூடுதல் சொல்) ஏற்காது. விட்டால் எதை வேண்டுமானாலும் ஒட்டி ஓட்டலாம்.

டொம்லூர் தோழி: அந்த வரி சரியாக இருந்தால் போதுமா சார்?

ஸ்கிரிப்ட் யார் பெயரில் இருக்கிறது? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் வரி கச்சிதமாக இருந்தது. கோப்பின் விவரம் காட்டும் எல்எஸ் -எல் அடித்துப் பார்த்தால், உரிமையாளரே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா! அப்லோடு பக்கத்தில் ஓர் ஓட்டை போதும், ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டு சூடோ அடித்தால் சர்வர் ஊடுருவியவன் கையில். வயிற்றில் புளியைக் கரைத்தது. கோப்பு மட்டுமல்ல, ஃபோல்டரும் ரூட்டுடையதாக இருக்க வேண்டும். ஃபோல்டரில் எழுத முடிந்தால் கோப்பை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம்.

டொம்லூர் தோழி: பயனர் தரும் டொமைன் பெயரை ஸ்கிரிப்டுக்கு அனுப்ப, அந்த வரியில் 'எதுவும் வரலாம்' என்னும் நட்சத்திரக் குறி போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஆர்கியுமென்ட்டில் நட்சத்திரம் இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே விழுங்கும். எனக்குப் பிடித்த வழியில் சூடோவே கிடையாது: வெப் பக்கம் டேட்டாபேஸில் ஒரு வரி எழுதட்டும், ரூட்டின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, எழுத்து, எண், புள்ளி, நடுவில் ஹைஃபன் தவிர வேறு ஏதாவது இருந்தால் தூக்கிப் போடட்டும். ஒரு நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எலக்ட்ரானிக் சிட்டி தம்பி: டெர்மினலில் சூடோ ஓடுகிறது, வெப்பில் ஓடவில்லை.

சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் நோநியூபிரிவிலெஜஸ் (புது அதிகாரம் பெறத் தடை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சூடோ எடுபடாது. அதை எடுக்காதீர்கள், மேலே சொன்ன கிரான் வழிக்கு வாருங்கள். ரெட் ஹேட்டில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கும் தடுக்கும்.

தம்பி: அவசரத்துக்கு அந்தப் பயனருக்கு சூடோவில் 'ஆல்' (எல்லாக் கட்டளைகளும்) கொடுத்துவிட்டேன் அண்ணா...

காபியைக் கீழே வையுங்கள். லேப்டாப் கொண்டுவந்தீர்களா?