ஏஎன்ஏ பாசிட்டிவ்னு வந்துடுச்சு, எனக்கு லூபஸா டாக்டர்?

கேள்வி: எனக்கு 31 வயசு. நாலு மாசமா கை விரல், முட்டி எல்லாம் வலி, முடி கொத்து கொத்தா கொட்டுது, எப்பவும் அசதி. லேப்ல ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்னு எடுத்ததுல ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ், ஸ்பெக்கிள்ட்னு இருக்கு. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், ஈஎஸ்ஆர் 28. நெட்ல பாத்தா லூபஸ்னு வருது, ராத்திரி தூக்கமே இல்ல. குழந்தைக்கு வேற ட்ரை பண்றோம். மறுபடி டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: மொதல்ல நிம்மதியா தூங்குங்கம்மா. லூபஸ்ங்கறது நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்ப தாக்கற நோய். இந்த ஒரு ரிப்போர்ட்ட வச்சு உங்களுக்கு அதுதான்னு நான் சொல்ல மாட்டேன், மூட்டு வாத டாக்டர் யாருமே சொல்ல மாட்டாங்க.

ஏஎன்ஏங்கறது நம்ம உடம்பு தன்னோட செல் நியூக்ளியஸையே எதிரியா நெனச்சு செய்யற ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பு புரதம். லேப்ல வளர்த்த மனித செல்லு மேல உங்க சீரத்த (ரத்தத்துல அணுக்கள் நீங்கின நீர்) விட்டு, இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க, ஆன்டிபாடி ஒட்டியிருந்தா பச்சையா மினுங்கும். ரவை தூவின மாதிரி புள்ளி புள்ளியா தெரிஞ்சா அதுதான் ஸ்பெக்கிள்ட். 1:80ங்கறது, உப்பு போட்ட மோர்ல தண்ணி ஊத்திக்கிட்டே போனா எது வரைக்கும் உப்பு தெரியுதுங்கற கணக்கு மாதிரிதான். 80 மடங்கு வரைக்கும் உங்களுக்கு மினுங்கியிருக்கு. நோய் இருக்கறவங்களுக்கு பல நேரம் 640, 1280னு போகும். 1997ல வெளிவந்த ஒரு ஆய்வுல எந்த நோயும் இல்லாதவங்க ரத்தத்த 15 லேப்ல பாத்தப்போ 1:80ல சுமார் 13 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ், 1:40ல 30 சதவீதத்துக்கும் மேல! தைராய்டு ஆன்டிபாடி பிரச்சனை இருந்தா வரும், சில டிபி மாத்திரையாலயும் வரும், வயசானா சும்மாவே வரும்.

அப்போ எதுக்கு இந்த டெஸ்ட்னு கேப்பீங்க. லூபஸ் இருக்கறவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது பாசிட்டிவ், அதனால நெகட்டிவ்னு வந்தா லூபஸ் இல்லைன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம், பாசிட்டிவ்னு வந்தா அது விசாரணைய ஆரம்பிக்கறதுக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். தொந்தரவு என்னன்னு கேக்காம பேக்கேஜ்ல இத சேத்து எடுக்கறது தப்புன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன், உங்கள மாதிரி எத்தனையோ பேர் இதனால அழுதுக்கிட்டே வர்றாங்க.

மறுபடி ஏஎன்ஏ வேண்டாம். நீங்க எழுதாம விட்டதுதான் எனக்கு தெரியணும். காலைல எந்திரிச்சதும் கை மடக்க முடியாம அரை மணி நேரத்துக்கு மேல இறுக்கமா இருக்கா? வெயில்ல போனா கன்னமும் மூக்கும் செவக்குதா? ஃபிரிட்ஜ்லருந்து பால் பாக்கெட் எடுத்தா விரல் வெள்ளையாகி அப்புறம் நீலமாகுதா? மேலண்ணத்துல வலியில்லாத புண்ணு, கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்தல், தண்ணியில்லாம பொரி கூட முழுங்க முடியாத அளவுக்கு வாய் வறட்சி? இதுல ஏதாவது இருந்தா மூட்டு வாத டாக்டர பாருங்க, டிஎஸ்டிஎன்ஏ, ஸ்மித், சி3, சி4னு லூபஸுக்கு பாக்கற ரத்த டெஸ்ட் எல்லாம் எடுக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்.

எதுவும் இல்லைன்னாலும் மூணு எடுங்க: சிபிசி (ரத்த அணுக்கள், ஹீமோகுளோபின் பாக்கறது), டிஎஸ்ஹெச் (தைராய்டு பாக்கறது), யூரின் ரொட்டீன். ரத்தசோகையும் தைராய்டும் நீங்க சொன்ன அசதி, முடி கொட்டறது, வலி எல்லாத்தையும் குடுக்கும், ஈஎஸ்ஆர்ங்கறது உடம்புல அழற்சி இருக்கான்னு பாக்கற டெஸ்ட், ஆனா ஹீமோகுளோபின் கம்மியா இருந்தாலே அது 28 வரும். யூரின நான் விடவே மாட்டேன். ஒரு பொண்ணு அஞ்சு தடவ ஏஎன்ஏ எடுத்த ஃபைலோட வந்துச்சு, கால் வீங்கி கொலுசு போட்ட இடத்துல பள்ளம் விழுந்து அப்படியே நிக்குது, அந்த ஃபைல்ல ஒரு யூரின் ரிப்போர்ட் கூட இல்ல. அதுக்கு நெசமாவே லூபஸ், கிட்னி பாதிச்சிருந்துச்சு. வலியே தெரியாம பாதிக்கும்மா, அதான் பயம்.

குழந்தை விஷயம். ஏஎன்ஏ பாசிட்டிவ்ங்கறதுக்காக தள்ளிப் போடாதீங்க. ரோன்னு இன்னொரு ஆன்டிபாடி இருக்கு, அத மட்டும் ஒரு தடவ பாக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, ஏன்னா அது இருக்கற அம்மாக்கள்ல 100க்கு ஒண்ணு ரெண்டு பேரோட குழந்தைக்கு இதயத்துடிப்பு குறையலாம், முன்னாடியே தெரிஞ்சா கர்ப்பத்துலயே எக்கோ எடுத்து கவனிக்கலாம்.

யூரின காலைல மொத தடவ போறதுல, நடுவுல வர்றத பிடிச்சு குடுங்க, பீரியட்ஸ் சமயத்துல வேண்டாம். கிட்னி பாதிச்சா யூரின்ல புரோட்டீன் கசியும், அதனால ரிப்போர்ட்ல புரோட்டீன் ஒரு ப்ளஸ்னு வந்தாக்கூட அந்த வாரமே போய் டாக்டர பாருங்க.