பகைச்சுரமும் வேண்டும்

அன்புள்ள ஐயா,

சர்ச் கொயரில் பாடும் நண்பர் ஒருவர், "கர்நாடக சங்கீதத்தில் ஹார்மனியே கிடையாது, எல்லோரும் ஒரே மெட்டைத்தானே பாடுகிறீர்கள்" என்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஒத்திசைவு என்ற எண்ணமே நம்மிடம் இல்லையா? வாழ்க்கையிலும் ஒத்துப்போவது என்றால் அடங்கிப்போவதுதானா?

ஆர்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதில் பாதி சரி. பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கி, ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கலை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் பாடுபட்டு வளர்த்தது. அதுவும் நம்மிடம் இருந்தது என்று வீம்புக்கு வாதாட வேண்டாம்.

நம்மவர்கள் ஒத்திசைவை வேறிடத்தில் வைத்தார்கள். சுருதி சுத்தமாகச் சேர்ந்த தம்புராவைக் கண்மூடிக் கேளுங்கள். தந்திகள் பஞ்சமத்துக்கும் சட்ஜத்துக்கும்தான். ஆனாலும் மந்தர சட்ஜத்தின் கார்வையிலிருந்து, எந்தத் தந்தியிலும் வைக்காத அந்தர காந்தாரம் என்ற சுரம் தானாக எழும்பி வரும். பாடகரின் ஒவ்வொரு சுரமும் அந்த நாதத்தோடு சேர்ந்தோ உரசியோதான் உயிர் பெறுகிறது. உரசலுக்கும் அங்கே இடமுண்டு. சேர நாட்டு இளங்கோ, சிலப்பதிகார வேனிற்காதையில் சுரங்களின் உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று நான்காகச் சொல்கிறார். பகையைத் தள்ளிவைக்கவில்லை, உறவுக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார். கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிடஸும் வில்லையும் யாழையும் காட்டி, எதிரெதிராக இழுபடுவதில்தான் இசைவு இருக்கிறது என்றார். நரம்பைத் தளர்த்திவிட்டால் இரண்டுமே வெறும் மரம்தானே?

அடங்கிப்போவதா என்று கேட்டீர்கள். பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையாள மாதம் மீனம் 20 அன்று நென்மாறா வல்லங்கி வேலா திருவிழாவுக்குப் போங்கள். நென்மாறா, வல்லங்கி என்ற இரண்டு ஊர்க்காரர்களும் யானை, வாத்தியம், வாணவேடிக்கை என்று ஒருவரையொருவர் மிஞ்சப் பார்ப்பார்கள். அந்தப் போட்டிதான் ஒரே பகவதிக்கு ஒரே திருவிழாவாகிறது. அங்கே ஐந்து வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் பஞ்சவாத்தியத்தைக் கவனியுங்கள். திமிலை, மத்தளம் என்ற இரண்டு தோல் வாத்தியங்களும் எதிரெதிர் வரிசை. திமிலைக்குப் பின்னால் இலத்தாளம் என்ற கைத்தாளம், மத்தளத்துக்குப் பின்னால் ஊதும் கொம்பு. திமிலைக்காரர்கள் கொட்டி விட்டுக்கொடுத்ததும் மத்தளம் வாங்கித் தன் சொல்கட்டில் பதில் சொல்லும், அடுத்தது கொம்பின் முறை. காலம் ஏற ஏறத் தாளவட்டம் பாதி பாதியாகக் குறுகும், வாங்கலும் கொடுக்கலும் மூச்சுமுட்ட நெருங்கும். அதுவரை காத்திருந்த வாத்தியம் ஒன்றுகூடத் தன் குரலை இழந்திருக்காது. இன்றைய பஞ்சவாத்தியத்துக்கு உருக்கொடுத்தவர்களில் ஒருவரான திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி மத்தளக்காரர்.

நண்பரையும் கூட்டிப்போங்கள். யானைப் பக்கம் கூட்டத்தில் நசுங்காமல், இரண்டு வரிசையும் காதில் விழும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். பதிகாலம் என்ற மெதுவான தொடக்கப் பகுதி ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும், பாதியில் போனால் இது எதுவும் பிடிபடாது.